எதிரே உட்கார்ந்தவள்

கேரம் போர்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஒற்றையர் ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவள் எதிராளி. இரட்டையர் ஆட்டத்திலோ எதிரே இருப்பவள்தான் கூட்டாளி. எதிராளிகள் இரண்டு பக்கமும் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏழு வருஷமாக ஜோதிகாவுக்கு எதிரே உட்கார்ந்தவள் சைமா. இந்த இரண்டு உட்காரலுக்கும் உள்ள வித்தியாசம் ஜோதிகாவுக்கு ஒரே ஒரு நாள் குழம்பிப் போனது. அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

இருவரும் பூந்தமல்லியில் ஒரே பள்ளிக்கூடம். சைமாவின் அப்பா மஸ்தானுக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை. கடைக்கு மேலே துணி மூட்டைகள் போட்டுவைக்கும் ஓர் அறை இருந்தது. மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அங்கே போர்டைப் போட்டுக்கொண்டார்கள். ஜோதிகா நசரத்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் எட்டு மணி வரை ஸ்ட்ரைக்கர் சத்தம் கீழே தையல் மிஷின் சத்தத்தோடு சேர்ந்து கேட்கும்.

ஜோதிகாவுக்கு ஆரம்பத்தில் கட்டைவிரல் அடி வரவே வராது. சைமா அவள் விரலைப் பிடித்து வளைத்து, ஆறு மாதம் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தாள். பதிலுக்கு, போர்டின் மறுபக்கம் மோதித் திரும்பி வந்து காயினைத் தள்ளும் அடியை ஜோதிகா சைமாவுக்குக் கற்றுத் தந்தாள். ஆட்டத்தின் நடுவே கூட்டாளியோடு பேசக் கூடாது என்பது விதி. அதனால் இவர்கள் பயிற்சியிலேயே பேச மாட்டார்கள். தன்னால் போட முடியாத காயினை எங்கே நகர்த்தி வைத்தால் ஜோதிகாவின் கைக்கு வசதி என்று சைமாவுக்குத் தெரியும். கூட்டாளிக்காகக் காயினை வைத்துக் கொடுப்பதில் அவளை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. மற்ற பெண்கள் எல்லாம் தங்கள் பெயர் கேட்க வேண்டும் என்று ஆடுவார்கள். இவள் ஒருத்திதான் அடுத்தவள் போடட்டும் என்று ஆடுவாள்.

இந்த வருஷம் ஒரு மத்திய அரசு அலுவலகம் விளையாட்டு ஒதுக்கீட்டில் கேரம் ஆடும் பெண்களுக்கு வேலை தருவதாக அறிவித்தது. மாநிலப் போட்டியில் ஒற்றையரில் முதல் மூன்று இடமோ, இரட்டையரில் முதல் இடமோ பிடித்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்தவர்களைக் கூப்பிட்டு, ஆட வைத்துப் பார்த்து எடுப்பார்கள்.

இருவருக்குமே அந்த வேலை தேவையாக இருந்தது. ஜோதிகாவின் அப்பா துலுக்கானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றி இறக்கி இடுப்பு போய் வீட்டோடு கிடந்தார். அம்மா வேம்புலியம்மாள் அதே எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரை துடைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். சைமாவுக்கு வேறு மாதிரி. வாணியம்பாடியில் ஒரு வரன் வந்திருந்தது.

"வேல கெடச்சா ரெண்டு வருஷத்துக்கு ஊட்ல யாரும் கல்யாணப் பேச்ச எடுக்க மாட்டாங்க. அம்மாவே சொல்லிட்டாங்க. கெடைக்கலன்னா மூட்டைய கட்ட வேண்டியதுதான்" என்றாள் சைமா.

"ரெண்டு பேருக்குமே கெடைக்கும் பாரு. ஒரே ஆபீசு, ஒரே டிரெயினு" என்றாள் ஜோதிகா. அன்றைக்கு அவள் மனசாரத்தான் சொன்னாள்.

மாநிலப் போட்டி ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சனிக்கிழமை ஒற்றையர். சைமா காலிறுதியில் தோற்றுப்போனாள். ஜோதிகா மூன்றாம் இடம் பிடித்தாள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் ஏற்கெனவே வேறு அலுவலகங்களில் வேலையில் இருப்பவர்கள். சைமா தான் தோற்றதை மறந்து, மண்டபத்துக்கு வெளியே ஜோதிகாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "உனக்கு டிக்கெட் கெடச்சிடுச்சு. நாளைக்கு டபுள்ஸ் அடிச்சா எனக்கும் கெடச்சிடும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கிளம்பும் அவசரத்தில், ஜோதிகா போனில் அந்த அறிவிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தாள். முந்தைய நாள் இரவு அதில் ஒரு திருத்தம் சேர்த்திருந்தார்கள். கேரம், பெண்கள்: காலியிடம் ஒன்று.

ஒன்று என்றால் ஒன்றுதான். அதற்கு மேல் அதில் படிக்க எதுவும் இல்லை. ஆனாலும் ஆவடி போய்ச் சேர்வதற்குள் அவள் அதை இருபது தடவையாவது படித்திருப்பாள். பக்கத்து சீட்டில் சைமா எலுமிச்சை சாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். ஜோதிகா போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம், இப்போது சொன்னால் அவள் மனசு கலையும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வேறு.

மனசு கலைந்தது யாருக்கு என்பதுதான் கேள்வி. மாடி அறையில் பத்து ஆட்டம் ஆடினால் ஏழு ஆட்டம் சைமாவுடையது. நேற்று அவள் தோற்றது ஒரு கெட்ட நாள், அவ்வளவுதான். அவள் தேர்வுக்கு வந்து எதிரே உட்கார்ந்தால் வேலை அவளுக்குத்தான் போகும். அவள் வர வேண்டுமானால் இன்றைக்கு ஜெயிக்க வேண்டும். இன்றைக்கு ஜெயிக்க வைப்பதோ ஜோதிகாவின் கை. பாழாய்ப்போன புத்தி இப்படிப் படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது. அதைத் தடுத்து நிறுத்த அவளுக்குத் தோன்றவும் இல்லை.

இறுதிப் போட்டியில் எதிராளிகள் அம்பத்தூர் நாகவல்லியும் கோமளாவும். ஒற்றையரில் முதல் சுற்றிலேயே வெளியே போனவர்கள். இரண்டு ஜோடியும் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டம் கடைசியாகக் காயின் அடுக்கிய போர்டு வரைக்கும் இழுத்தது. இவர்களுக்கு ஒரு காயின் பாக்கி, அவர்களுக்கும் ஒன்று பாக்கி. யார் முதலில் போடுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை.

சைமாவின் முறை வந்தது. அவளுடைய காயினை நேராகப் போட வழி இல்லை. அவள் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தாள். பிறகு மெதுவாக ஒரு தட்டு தட்டினாள். காயின் நகர்ந்து நகர்ந்து ஜோதிகாவின் இடது குழி வாசலில் போய் நின்றது. ஸ்ட்ரைக்கர் போன வழியில் எதிராளியின் காயினையும் மூலையிலிருந்து தள்ளிவிட்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அடுத்து நாகவல்லி அடித்தாள், விழவில்லை.

இப்போது ஜோதிகா. அந்தக் காயினை ஊதினால்கூட விழும். கேரம் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும்: குழி வாசலில் இருக்கும் காயினை ஓங்கி அடிக்கவே கூடாது. அடித்தால் காயினோடு ஸ்ட்ரைக்கரும் உள்ளே போய்விடும். ஸ்ட்ரைக்கர் போனால் போட்ட காயினை வெளியே எடுத்து வைக்க வேண்டும், தண்டனையாக இன்னொன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். இது போர்டைத் தொட்ட முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் விஷயம்.

ஜோதிகா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சைமா சிரிக்காமல், விதிப்படி உதட்டை மூடிக்கொண்டு, கண் மட்டும் மின்ன உட்கார்ந்திருந்தாள்.

ஜோதிகா ஓங்கி அடித்தாள்.

காயின் விழுந்தது. அதன் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் விழுந்தது. கோமளா தன் முறையில் அந்த ஒரு காயினைப் போட்டு முடித்தாள். நாகவல்லி நாற்காலியை விட்டு எழுந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். அவர்கள் ஜெயிப்போம் என்று நினைத்து வந்திருக்கவில்லை.

"கை நடுங்கிடுச்சாடி?" என்று கேட்டாள் சைமா, பஸ்ஸில்.

"ஆமா."

"எனக்கா இருந்தா நெஞ்சே நின்னு போயிருக்கும். உடு." அதற்குப் பிறகு அவள் பூந்தமல்லி வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று ஜோதிகாவுக்குத் தெரியாது. பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஜோதிகாவால் அந்த மாடி அறைக்குப் போக முடியவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றாள். சைமா தினமும் போன் போட்டாள். "தேர்வு வருது, வந்து ஆடுடி. நான் உன் கூட ஆடினாத்தான் உனக்கு கை வரும்" என்றாள். ஜோதிகா தெருவில் யார் வீட்டிலிருந்தோ ஒரு பழைய போர்டை வாங்கிவந்து தனியாக அடித்துக்கொண்டிருந்தாள். தனியாக அடிக்கும்போது எல்லா அடியும் நன்றாகத்தான் விழும்.

ஆறு வாரம் கழித்துத் தேர்வு. அலுவலகத்தின் ஹாலுக்குள் நுழைந்ததும் ஜோதிகாவின் கால் அப்படியே நின்றுவிட்டது. சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில், சான்றிதழ் நகல்களை மடியில் வைத்துக்கொண்டு, நாகவல்லியும் கோமளாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

இரட்டையரில் முதல் இடம் பிடித்தவர்கள் வேறு யாராக இருக்க முடியும்? இது சின்னப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு. ஆனால் இவளுக்கு இந்த ஆறு வாரமும் தோன்றவே இல்லை. ஒருத்தியை விழ வைக்க வேண்டும் என்று இறங்கியவளின் கண் அந்த ஒருத்தி மேலேயே நின்றுவிட்டது. சைமாவுக்குக் கதவைச் சாத்துகிறோம் என்று நினைத்தாள். திறந்துவிட்டது இவர்களுக்கு. அன்றைக்கு அந்தக் காயினைத் தொட்டுத் தள்ளியிருந்தால் இந்த ஹாலில் அவளும் சைமாவும் மட்டும்தான் இருந்திருப்பார்கள். இருவரில் யாருக்கு வேலை கிடைத்திருந்தாலும் இன்னொருத்தி பேருந்து நிலையத்தில் நின்று பிரியாணி வாங்கித் தரச்சொல்லி வம்பு செய்திருப்பாள்.

கோமளாவை ஜோதிகா சுலபமாக ஜெயித்தாள். நாகவல்லியிடம் தோற்றாள். நாகவல்லி மாநிலக் கோப்பையை வாங்கிய தெம்பில் ஆடினாள். ஜோதிகாவின் கட்டைவிரல் ஆறு வாரம் எதிரே ஆள் இல்லாமல் பழகிய கட்டைவிரல். நாகவல்லிக்கு வேலை கிடைத்தது.

சைமாவுக்கு நிக்காஹ் நிச்சயமான செய்தியை அவள் அம்மா ஷரீஃபுன்னிசாதான் போனில் சொன்னார். "வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போம்மா. உன்ன காணாம அவ மொகமே நல்லா இல்ல" என்றார். இனியும் போகாமல் இருக்க முடியாது.

மாடி அறையில் கல்யாணத் துணிகள் அடுக்கியிருந்தன. மஸ்தானே உட்கார்ந்து மகளுக்குத் தைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள் சைமா. மாப்பிள்ளை தன்மையானவர், சிரித்துப் பேசுகிறார் என்றாள். "ஆனா வாணியம்பாடில என் கூட ஆட யாரு கீறா, சொல்லு" என்றவள், சட்டென்று கதவைச் சாத்திவிட்டு வந்து ஜோதிகாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஜோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா நெஞ்சுல கீது. நீ ஏன் வர மாட்டேன்றன்னு எனக்கு தெரியும்டி."

தெரிந்துவிட்டது என்று நினைத்தாள் ஜோதிகா. ஒரு விதத்தில் நல்லதுதான் என்றும் நினைத்தாள்.

"அந்த கடைசி காயின நான்தான் தப்பா வெச்சிட்டேன்" என்றாள் சைமா. "குழி வாய்ல ஒட்டி வெச்சிட்டேன். ஒரு விரக்கட தள்ளி வெச்சிருந்தா ஸ்ட்ரைக்கர் உள்ள போயிருக்காது. எல்லாரும் கை தட்டணும்னு நெனச்சிட்டேன் போல. நாம ஜெயிச்சிருந்தா நாகவல்லி அங்க வந்தே இருக்க மாட்டா. உன் வேலைய நான்தான்டி கெடுத்தேன். உங்க ஊட்டு கஷ்டம் தெரிஞ்சும் கெடுத்தேன்." சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை முட்டியது. "என்ன மன்னிச்சிடு."

வேண்டுமென்றுதான் அடித்தேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஜோதிகா வாயைத் திறந்தாள். சைமாவின் முகத்தைப் பார்த்தாள். இதைச் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று யோசித்தாள், அல்லது அப்படி யோசித்ததாகப் பிறகு நினைத்துக்கொண்டாள். உண்மையில் தனக்கு என்ன ஆகும் என்றுதான் யோசித்தாள்.

"பரவால்லடி, உடு" என்றாள். "யாருக்கும் ஆவறதுதான்."

சைமா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. இரண்டு மாதமாக அவள் நன்றாகத் தூங்கியிருக்கவே மாட்டாள் போலிருந்தது.

"நெஜமாவே மன்னிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"மன்னிச்சிட்டேன்" என்றாள் ஜோதிகா.