பாஸ்கு முடிந்தும் ஒருசந்தி

பிளாரன்சைக் கருமி என்று சொன்னால் அந்தத் தெருவே சண்டைக்கு வரும். சிக்கனக்காரி என்றுதான் சொல்ல வேண்டும். பாத்திரத்துக்குச் சாம்பல், உடுதுணிக்கு உவர்மண். சோப்பு என்பது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற உடுப்புக்கு மட்டும்தான். அதையும் நூலால் அறுத்துத் துண்டு போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். மீன் கழுவிய தண்ணீர்கூட அந்த வீட்டில் வீணாகாது, முருங்கைக்குப் போகும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. பர்மா அரிசி வரத்து நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைக்காரர் அரிசி அளக்கும்போது, பெற்ற மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். புருஷன் செபாஸ்டின் கொழும்புக்கு ஓடும் தோணியில் வேலை பார்த்தான். ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்து போனவன், அங்கே சரக்கு கிடைக்காமல் காத்துக் கிடப்பதாக ஒரே ஒரு கடிதம் போட்டிருந்தான். வைகாசி போனால் காற்று மாறும், தோணிகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் நாலு மாசம் வருமானம் கிடையாது. போன வருஷம் அந்த நாலு மாசத்தில் மரவள்ளிக் கிழங்குக்குக்கூட வழியில்லாமல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இந்த வருஷம் அப்படி ஆகவிடுவதில்லை என்று மனசில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

பாஸ்குக்கு முந்தின தவசுகாலம் வந்தது. அந்த நாற்பது நாளில் வரும் புதன், வெள்ளிகளில் ஒருசந்தி. மத்தியானம் ஒரு வேளைச் சோறு, இரவுக்கு வெறும் நீராகாரம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கடமை இல்லை. ஆனால் ஒன்பது வயது மரியசெல்வி நானும் இருப்பேன் என்று அடம்பிடித்தாள். அக்காவைப் பார்த்து நாலு வயது வளனும் இருந்தான். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளன்று பிளாரன்ஸ் அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். நினைத்ததைவிட நிறைய மிச்சம் இருந்தது. ஆண்டவர் மன்னிக்கட்டும், அன்றைக்கு அவளுக்கு உண்டான சந்தோஷத்தில் பாதி அந்த அரிசியால் வந்தது.

அடுத்த புதன்கிழமை காலையில் பிள்ளைகள் பழையது கேட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"ஏளா, இன்னிக்கு ஒருசந்தி."

"பாஸ்குதான் முடிஞ்சிட்டேம்மா?" என்றாள் மரியசெல்வி.

பிளாரன்ஸ் வாயில் வந்ததைச் சொன்னாள். "அப்பா தோணி நல்லபடியா வந்து சேரணும்னு மாதாவுக்கு நேர்ந்திருக்கேன். அவிய வாரது வரைக்கும் புதன், வெள்ளி, சனி மூணு நாளும் ஒருசந்தி. சோப்பு போடக் கூடாது. தலைக்கு எண்ணெ வைக்கக் கூடாது."

மாதாவுக்கு அவள் எதையும் நேரவில்லை. பொய் சொல்கிறோமே என்ற உறுத்தலும் இல்லை. அவளும்தானே கூடச் சேர்ந்து பட்டினி கிடக்கிறாள்! மிச்சம் பிடித்த அரிசியைத் தனிப் பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, பரண்மேல் ஏற்றினாள்.

மரியசெல்வி அந்த நேர்ச்சையைத் தலைமேல் தூக்கிக்கொண்டாள். ஒருசந்தி நாளில் எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்கினாள். எண்ணெய் இல்லாத தலை செம்பட்டை பாய்ந்து நின்றது, பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். அப்பாவுக்காக என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை இரவு வளன் பசி பொறுக்காமல் தரையில் உருண்டு அழுதபோது அவனை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அழாதலே. நீ தின்னா அப்பா தோணி முங்கிரும்."

அடுப்படியில் இருந்த பிளாரன்சுக்குச் சுருக்கென்றது. என்ன பேச்சுளா பேசுத என்று எழுந்து போய் மகளை அதட்டியிருக்க வேண்டும். ஆனால் வளன் கப்சிப்பென்று அடங்கிவிட்டான். அந்த அமைதி அவளுக்கு வசதியாக இருந்தது. விட்டுவிட்டாள். பிற்காலத்தில் அவள் தன்னை மன்னிக்க முடியாமல் தவித்தது அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துத்தான். பொய்யைச் சொன்னதைக்கூட ஒருவாறு மன்னித்துக்கொண்டாள்.

மே மாசக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தோணி முதலாளியின் கணக்கப்பிள்ளை ஜேசுபாதம் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"மன்னார்லேருந்து தந்தி வந்திருக்கு தாயி. வெள்ளிக்கிழம தோணி காத்துல மாட்டிட்டு. ரெண்டு பேருதான் கரை சேந்திருக்காவ. செபாஸ்டின் இல்ல."

தெருவே கூடி அழுதது. அக்கம்பக்கத்தார் ஆக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மரியசெல்வி மட்டும் அழவில்லை, சாப்பிடவும் இல்லை. கையில் திணித்த சோற்றைத் தம்பிக்கு ஊட்டிவிட்டு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டாள். அதிர்ச்சி, நாளானால் சரியாகும் என்றார்கள். ஏழாம் நாள் பூசை முடிந்து வந்தபோது பிள்ளைக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. பக்கத்து வீட்டு இசக்கித்தாய், பலசரக்குக் கடைக்காரர் மனைவி, ஒரு கிண்ணத்தில் நுங்கு கொண்டுவந்தாள்.

"இதையாவது தின்னு மக்கா. போன தடவ குடுத்தப்போ ஆசையாத் தின்னியே."

மரியசெல்வி வீறிட்டுக் கத்தினாள். கிண்ணம் உருண்டு ஓடியது.

"வெள்ளிக்கிழமம்மா! ஒருசந்தி அன்னைக்கு நான் நுங்கு தின்னுட்டேன். ஒண்ணுதான் தின்னேன், பசிச்சுது. அதான் அப்பா முங்கிட்டாவ. நான்தாம்மா..."

இசக்கித்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. பிளாரன்சுக்கு எல்லாம் விளங்கியது. மாதா மன்னிச்சிருவா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும். அம்மா நல்ல அம்மாவாகவே இருந்திருப்பாள், மகள் ஆயுசுக்கும் மன்னிக்கப்பட்ட பாவியாக இருந்திருப்பாள். பிளாரன்ஸ் மகளை இழுத்து எதிரே உட்காரவைத்தாள்.

"நேர்ச்ச எதுவும் கிடையாது மக்கா. அம்மா பொய் சொன்னேன்."

"என்னயத் தேத்துறதுக்குச் சொல்லுத."

"ஆண்டவர் சத்தியமா. அரிசிய மிச்சம் பிடிக்கத்தான் சொன்னேன்."

மகள் நம்பவில்லை, தேம்பிக்கொண்டே தலையை ஆட்டினாள். பிளாரன்ஸ் பெட்டிமேல் ஏறிப் பரணிலிருந்து பானையை இறக்கினாள். கட்டை அவிழ்த்து மகள் முன்னால் வைத்தாள்.

"பாரு. உங்க ரெண்டு பேரு சோறும் இதுலதான் இருக்கு. காத்து மாசத்துக்குன்னு வச்சேன். இம்புட்டுத்தான் விசயம்."

மரியசெல்வியின் அழுகை நின்றது. பானைக்குள் கையை விட்டாள். முழங்கை வரை அரிசி.

"சோப்பு போடாததும்?"

"அதுவுந்தான்."

"அப்பாவுக்காக இல்லியா?"

"இல்ல."

பிள்ளை பரணை நிமிர்ந்து பார்த்தாள்.

"வளன் தரையில உருண்டு அழுதானே, அன்னைக்கும் இது மேல இருந்துச்சா?"

பிளாரன்ஸ், "இருந்துச்சு" என்றாள்.

மரியசெல்வி கையை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை ஒன்றுகூடச் சிந்தாமல் பானைக்குள்ளேயே தட்டிவிட்டாள்.

அன்று பிளாரன்ஸ் வீட்டில் மறுபடியும் உலை கொதித்தது. மரியசெல்வி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள், இரவு அப்பாவை நினைத்து வாய்விட்டு அழுதாள், அழுது தூங்கினாள். அப்பாவைக் கொன்ற பாவம் அந்தச் சின்னத் தலையை விட்டு இறங்கியது. அதற்காக பிளாரன்ஸ் மாதாவிடம் முழங்காலிட்டு நன்றி சொன்னாள்.

மறுநாள் காலையில் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். "ஏளா, சாப்பிட வா. நெறைய இருக்கு."

வளன் ஓடிவந்து உட்கார்ந்தான். மரியசெல்வி அம்மாவைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனாள். பானை மூடியைத் திறந்து, தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தாள்.