ஈரக் கட்டைவிரல்

எனக்கு முட்டி வலி. அதனால்தான் பங்கு வாங்கினேன். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் உண்மை.

வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவன் நான். இருபத்திரண்டு வருடமாக மாடி மாடியாக ஏறி இறங்கியாகிவிட்டது. மெயின் ரோட்டில் ஒரு கடை பிடித்துவிட்டால் மெஷின்கள் என்னைத் தேடி வரும். அதன் அட்வான்ஸுக்காக நானும் மனைவியும் ஆறு வருடமாகச் சேர்க்கிறோம். இன்னும் கொஞ்சம்தான் குறைகிறது. அந்தக் கொஞ்சத்துக்கு அவசரப்பட்டு, ஃபோனில் பங்கு வாங்கும் ஆப் ஒன்றை இறக்கினேன்.

ஞாயிறு மதியம் அதோடு மல்லுக்கட்டினேன். முகத்தைச் சரிபார்க்கிறேன், தலையைத் திருப்பு, கண்ணைச் சிமிட்டு என்று மாமியார் மாதிரி அதிகாரம் செய்தது.

"எவ்வளவு ரிஸ்க் தாங்குவீங்கன்னு கேக்குதும்மா."

"மெஷினை முதுகுல தூக்கிட்டு நாலு மாடி இறங்குற ஆளு. நிறையன்னு போடுங்க" என்றாள் மனைவி. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். வாய் சும்மா இருக்காது. ரகசிய எண்ணையும் அவளே வைத்தாள், நான் மறந்துவிடுவேனாம். கட்டைவிரல் ரேகை இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

'நன்றாகத் தெரிந்த நிறுவனத்தில் தொடங்குங்கள்' என்றது ஆப். 'எல்லாப் பணத்தையும் ஒன்றிலேயே போடாதீர்கள்' என்றும் சொன்னது. முதலாவது எனக்குப் பிடித்திருந்தது. வாரத்துக்கு இருபது வீடு போகிறேன், அதில் பன்னிரண்டு வீட்டில் ஒரே கம்பெனி மெஷின். ஊரே இதைத்தான் வாங்குகிறது, என்னைவிட யாருக்கு இது நன்றாகத் தெரியும்? ஆறு வருடச் சேமிப்பையும் அந்த ஒரே கம்பெனியில் போட்டேன். சந்தை திங்கள் காலை ஒன்பதேகாலுக்குத்தான் திறக்கும், அதுவரை ஆர்டரை ரத்து செய்யலாம் என்று திரையில் வந்தது. சாயங்காலத்துக்குள் நாற்பது தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

திங்கள் எட்டரைக்கு ஒரு டீச்சர் வீடு. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாங்கி இரண்டே வருடமான மெஷின், அதே கம்பெனி. பின்பக்கத்தைக் கழற்றினேன். டிரம்மைத் தாங்கும் மூன்று கால் அலுமினியத் துண்டு அரித்து உடைந்து கிடந்தது. ஏழு நாளில் இது மூன்றாவது.

"எப்பவும் இந்த கம்பெனி வேலைதான் வருமாண்ணா?" என்று டீச்சர் கேட்டார்.

"பாதிக்கு மேல இதாங்க."

"அய்யோ, அவ்வளவா கெட்டுப்போகுது?"

கையில் இருந்த ஸ்பேனர் நழுவியது. நன்றாக ஓடும் மெஷின் இருக்கும் வீட்டுக்கு என்னை எவன் கூப்பிடுவான்? இருபத்திரண்டு வருடமாகக் கெட்டதை மட்டுமே பார்த்துவிட்டு, அதிகமாகக் கெடுவதை அதிகமாக விற்பனையாவது என்று நினைத்திருக்கிறேன். என்னைப்போல ஒரு மடையன் உண்டா!

மணி ஒன்பது தாண்டி ஏழு நிமிடம். ஃபோனை எடுத்துக் கட்டைவிரலை வைத்தேன். தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போன விரல். என்னை யாரென்றே தெரியாது என்றது ஆப். சட்டையில் துடைத்தேன், ஊதினேன், மறுபடி வைத்தேன். ரகசிய எண் கேட்டது. மனைவிக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன், கவுன்ட்டரில் இருப்பாள், எடுக்கவில்லை. எங்கள் கல்யாணத் தேதி, மகள் பிறந்த தேதி, வீட்டு எண், எதுவும் இல்லை. அரை மணி நேரம் பூட்டப்பட்டது என்று திரையில் வந்தது. ஒன்பதேகாலுக்கு 'உங்கள் ஆர்டர் நிறைவேறியது' என்று ஃபோன் சந்தோஷமாக மணியடித்தது.

எப்படியோ புதுத் துண்டை மாட்டி முடித்தேன். பணம் கொடுக்கும்போது டீச்சர் சொன்னார்: "என் தங்கச்சி இதே மெஷினுக்கு இன்னைக்கு ஆர்டர் போடறேங்கிறா. வாங்கலாமாண்ணா? நீங்க சொன்னா சரி."

உடைந்த துண்டைப் பார்த்த பிறகு அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: வேண்டாம். ஆனால் அன்று என் கடை அந்தக் கம்பெனிக்குள் இருந்தது.

"நல்ல மெஷின்தாங்க, வாங்கச் சொல்லுங்க" என்றேன்.

படியிறங்கும்போது காது சுட்டது. கீழே வந்ததும் கட்டைவிரல் காய்ந்திருந்தது; ஆப் பல்லிளித்துக்கொண்டு திறந்தது. எல்லாம் சிவப்பு. மொத்தத்தையும் விற்றேன். அப்போதுதான் மனைவி கூப்பிட்டாள்.

"எதுக்கு அத்தனை தடவை அடிச்சீங்க?"

"எல்லாத்தையும் வித்துட்டேன்மா. நஷ்டம். கடை இன்னும் மூணு மாசம் தள்ளிப்போகும்."

அவள் பின்னால் பேருந்துகளின் இரைச்சல்.

"முட்டி தாங்குமா?"

"தாங்கும். வை, மேல ஒரு வேலை இருக்கு."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் மறுபடி ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் முட்டி முனகியது. மணியடித்ததும் டீச்சர் ஃபோனும் கையுமாக வந்து கதவைத் திறந்தார்.

"எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களாண்ணா?"

"தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லலையே?" மூச்சு வாங்கியது. "வேண்டாம்னு சொல்லுங்க."