திறந்து பார்த்த கேமரா

இப்போதெல்லாம் எவனும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை என்பது குமாரசாமியின் குறை. கோயிலுக்குப் போனாலும் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், எழவு வீட்டுக்குப் போனாலும் தூக்கிப் பிடிக்கிறார்கள். சரி, அந்தப் படத்தையாவது நம்புகிறார்களா என்றால் அதுவும் கிடையாது. இது நிஜமா, ஒட்டு வேலையா என்று கேட்கிறார்கள். எழுபத்துநாலு வயதில் இந்தக் கூத்தைப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

அவரிடமும் அப்படித்தான் கேட்டார்கள். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம். அடுத்த காடு தம்பி மகன் கிருபாசங்கருடையது. நடுவில், கிணற்றுத் தொட்டி மூலைக்கு நேர் எதிரே, ஓர் எல்லைக்கல். வண்டித்தடம் போடுகிறேன் என்று கிருபாசங்கர் திங்கட்கிழமைக்கு ஜேசிபி சொல்லியிருந்தான். வரப்போடு கல்லும் போய்விடும். அப்புறம் அவன் நட்ட இடம்தான் எல்லை. வேலி போட்டபோதே ஓரடி உள்ளே வந்தவன் அவன்.

மகனின் போனில் கல்லைப் படம் பிடித்துக்கொண்டு குமாரசாமி பேக்கரிக்குப் போனார். பம்புசெட் பட்டறை நடத்தி ஓய்ந்த திருமலைசாமி காலையில் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் பொது மனிதர். பக்கத்திலேயே கிருபாசங்கரும் இருந்தான்.

"போன்ல கல்ல எங்க வேணும்னாலும் நட்டுக்கலாமுங்க பெரியப்பா," என்றான் அவன், பப்ஸைப் பிய்த்துக்கொண்டே. "நேத்து எம்பொண்ணு என்னைய யானை மேல உக்கார வெச்சுக் காட்டுனா."

திருமலைசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் சொல்றதும் வாஸ்தவந்தானுங்க குமாரசாமி."

சர்வேயருக்கு மனுப் போட்டாயிற்று. ஆள் வர ஒன்றரை மாதம் ஆகுமாம்.

வீட்டில் இதைக் கேட்ட மருமகள் மோகனப்பிரியா உள்ளே போய் அவளுடைய பிலிம் கேமராவை எடுத்து வந்தாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். கையில் ஒன்றுக்கு இரண்டு போன் இருக்கும்போது இந்தப் பழைய இரும்பை எதற்குக் கட்டி அழுகிறாள் என்று அவருக்கு எப்போதும் சந்தேகம்.

"இதுல எடுத்தா நெகட்டிவ்னு ஒண்ணு கையில இருக்குமுங்க மாமா. வெளிச்சம் பட்டுப் பதிஞ்சது. அவ்வளவு சுலபமா மாத்த முடியாது."

வெள்ளிக்கிழமை காலை இருவரும் காட்டுக்குப் போனார்கள். அவள் உடனே எடுக்கவில்லை. கல்லைச் சுற்றி வந்தாள். வானத்தைப் பார்த்தாள். ஒரு வளையத்தைத் திருகினாள், இன்னொன்றைத் திருகினாள்.

"போன்ல இந்நேரம் நூறு எடுத்திருக்கலாம்."

"அதனாலதானுங்க மாமா இது. மொத்தமே முப்பத்தாறுன்னா பாத்துத்தான் அமுக்குவோம். மேகம் போகட்டும், வெளிச்சம் பத்தல. நீங்க வேணா பாருங்க."

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எல்லாம் கலங்கலாக இருந்தது. அவள் வளையத்தைத் திருப்பத் திருப்ப, கல் மெல்லத் தெளிந்து முன்னால் வந்தது. இடப்பக்க மூலையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அது அவருடைய கடப்பாரை பட்டுப் பெயர்ந்தது. நாற்பது வருடம் இருக்கும். தினமும் தாண்டிப் போகிற கல், அதை மறந்தே போயிருந்தார். கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

வெயில் விழுந்ததும் அவள் மூன்று முறை அமுக்கினாள். சடக், சடக், சடக்.

"எங்க, காட்டு."

"இப்பக் காட்ட முடியாதுங்க மாமா. மருந்துல கழுவுனாத்தான் தெரியும். நாளைக்குக் கோபியில அம்மா ஊட்டுக்குப் போறேனில்ல, மீதியில அவங்கள எடுக்கோணும். போட்டோன்னாலே ஓடிருவாங்க. இந்த ஒருக்கா நிக்கறேன்னிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் திரும்பி வந்து, கேமராவை பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். இன்னும் ஐந்து படம் பாக்கியாம். முடித்துவிட்டுக் கழுவுகிறாளாம். விடிந்தால் ஜேசிபி. குமாரசாமி இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தார். போனாவது பொய்யையாவது காட்டுகிறது, இது எதையுமே காட்டவில்லை. உள்ளே பிலிம் இருக்கிறதா என்றே யார் கண்டார்கள்? பிலிம் போடும்போது அவள் ஒரு குமிழை மேலே இழுத்ததைப் பார்த்திருந்தார். இழுத்தார். பின்கதவு டப்பென்று திறந்துகொண்டது.

உள்ளே மங்கிய நிறத்தில் ஒரு நாடா. அவ்வளவுதான். கல்லும் இல்லை, கிணறும் இல்லை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். இவளும் நம்மை ஏய்த்துவிட்டாள் என்று கதவை அமுக்கி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

காலையில் அவர் காட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வரப்பு காணாமல் போயிருந்தது. "கல்லு ஓரமா பத்தரமா இருக்குதுங்க பெரியப்பா. தடம் போட்டதும் நட்டுப்போடலாம்," என்றான் கிருபாசங்கர், ரொம்ப மரியாதையாக.

வீட்டுக்கு வந்தால் மோகனப்பிரியா கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மாமா, இத யாராச்சும் தொறந்தீங்களா? முப்பத்தொண்ணுல நின்ன நம்பரு ஆரம்பத்துக்குப் போயிருச்சு."

"நாந்தான் தொறந்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் ரிப்பன்."

அவள் பின்கதவை விரலால் தடவினாள். "கழுவற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாதுங்க மாமா. அதுக்குள்ள வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு." பிறகு சொன்னாள், "அம்மாவ இருபத்தெட்டு எடுத்திருந்தேன்."

அவள் எழுந்தாள். "கல்லு மொதல்ல எடுத்தது. சுருள்ல அடியில இருக்கும். பொழைச்சிருந்தாலும் இருக்குமுங்க."

அவள் குளியலறைக்குள் போய், வெளிச்சம் வராமல் கதவிடுக்கில் துண்டைத் திணித்துக்கொண்டாள். அவர் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். வெகுநேரம் கழித்து ஈர நாடாவோடு வந்தாள். நாடா நெடுக ஒரே கறுப்பு. ஓரிடத்தில் சேலைக்கரை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அது அவள் அம்மா. அந்தக் கோட்டைத்தான் அவள் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்தாள். நாடாவின் தொடக்கத்தில் ஒரு படம் மட்டும் தப்பியிருந்தது. வெளுப்பெல்லாம் கறுப்பாக, கறுப்பெல்லாம் வெளுப்பாக, ஓரம் வெந்துபோய், தொட்டி மூலையும் சில்லுபோன கல்லும்.

மறுநாள் பேக்கரியில் திருமலைசாமி நாடாவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏனுங்க இப்படி வெந்து கெடக்குது?"

கிருபாசங்கர் எட்டிப் பார்த்துவிட்டு டீயை ஊதினான்.

"ஏமாத்தறவன் இவ்வளவு கேவலமா ஏமாத்த மாட்டான் தம்பி," என்றார் திருமலைசாமி. "இது யாரு கையும் படாத படம். தொட்டிக்கு நேராவே கல்ல நட்டுரு."

"சரிங்க," என்றான் அவன், தரையைப் பார்த்து.

"என் கைதான் பட்டுச்சு," என்றார் குமாரசாமி. "நாந்தான் தொறந்து கெடுத்தேன்."

அவர் தமாஷ் பண்ணுகிறார் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"நல்ல படத்த நம்பல. கெட்டுப்போனத நம்பறீங்க. என்ன மனுசங்களோ," என்று எழுந்து வெளியே வந்தார்.

மோகனப்பிரியா வண்டியோடு நின்றிருந்தாள். "என்னாச்சுங்க மாமா?"

"நடறானாம்." கொஞ்சம் தயங்கினார். "உங்கம்மாகிட்ட நான் பேசறேன். இன்னொருக்கா நிக்கச் சொல்லி."

"நிக்க மாட்டாங்க மாமா."

"நீ போன்லயே எடுத்திருக்கலாம் அம்மணி."

அவள் வண்டியைக் கிளப்பினாள். "ஏறுங்க, ஊட்டுக்குப் போலாம்."

"நீ போ. நான் காட்டுக்குப் போறேன்."

படத்தை எவன் நம்பினால் என்ன. குழி தோண்டி, கல்லை இறக்கி, மண் தள்ளி மிதிக்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்தால்தான் ஆகும். செருப்பை இழுத்துக்கொண்டு வெயிலில் மேற்கே நடந்தார்.