சாய்ந்த படத்தை நிமிர்த்திய கை

அம்மா பேச ஆரம்பித்தால் மூன்று தெரு தள்ளியிருக்கும் நாய்கள்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும். அந்த வாய் பல வருஷமாக ஒரே ஆளைத்தான் வறுத்தெடுத்தது: செத்துப்போன அப்பாவை. சிகரெட்டை ஊதி ஊதியே நெஞ்சைப் பொசுக்கிக்கொண்ட மனுஷன் என்று. பொய்யில்லை, அவர் பால்கனியில் நின்று பற்றவைத்தால் புகையில் வழி தெரியாமல் விமானங்கள் சுற்றுவழியில் போகும்.

அப்பா அரசாங்கத்துக்காக அணுகுண்டுச் சோதனைகளைப் படமெடுத்தவர். கேமரா தானாக ஓடும், நாங்கள் வெகுதூரத்தில் பாதாள அறைக்குள் சீட்டாடுவோம் என்பார். நெஞ்சில் புற்று வந்தபோது, குண்டு வெடிக்கையில் பக்கத்தில் நின்றாரா என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா அதையே சொல்லி, சிகரெட்டைக் கைகாட்டினாள்.

அவர்களுடைய மகளுக்கு வாய்த்த வேலையும் அந்தப் படங்களோடுதான். பழைய சுருள்களை அவள் ஸ்கேன் செய்து கொடுப்பாள். கணினி நெருப்புக் கோளத்தின் விளிம்பைப் படம் படமாகத் தேடி, அது வீங்கிய வேகத்திலிருந்து குண்டின் பலத்தைக் கணக்கிடும்.

அப்பா எடுத்த ஒரு சுருளில் கணினி முரண்டு பிடித்தது. அதிர்வலை இடித்ததும் காட்சி சாய்ந்தது, அது வழக்கம்தான். பிறகு மெல்ல நிமிர்ந்து, மட்டத்தைத் தாண்டி, கொஞ்சம் திரும்பி வந்து, தொடுவானம் நேராக நின்றது. பிழை என்றது கணினி. சரிசெய்துவிட்டு அடுத்ததைப் பார் என்றார் மேலதிகாரி. அவளுக்குக் கை ஓடவில்லை. தானாக ஓடும் கேமரா தானாக நிமிராது.

சாயங்காலம் பரிசு கொண்டுவந்தவள் போல அம்மாவிடம் ஓடினாள். “அப்பாவக் கொன்னது சிகரெட் இல்லம்மா, குண்டோட கதிர்வீச்சு. அப்பா கேமரா பக்கத்துலேயே நின்னுருக்காரு. நீ பயப்படுவேன்னு மறைச்சுட்டாரு. இனிமே திட்டாத.”

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

“கடைசி நாள் ஆஸ்பத்திரியில ஒரே ஒரு இழுப்பு கேட்டாருடி. இன்னுமா ஆசை அடங்கலன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அப்புறம் அவரு எங்கிட்ட எதையுமே கேக்கல.”

சொன்னதையெல்லாம் மகள் அவசரமாகத் திரும்ப அள்ளினாள். சிகரெட்டும் சேர்ந்திருக்கும், கணினி தப்பாகப் பார்த்திருக்கும், கேமராவின் திருகு தளர்ந்து தானே ஆடியிருக்கும் என்று வாய்க்கு வந்ததை அளந்தாள். படம் எப்படி நிமிர்ந்தது என்று மட்டும் அம்மா கேட்டாள். மகள் உள்ளங்கையைச் சாய்த்து, மட்டம் தாண்டி நிமிர்த்தி, கொஞ்சம் திருப்பிக் காட்டினாள்.

“அவரு கைதாண்டி,” என்றாள் அம்மா. “சுவத்துல கண்ணாடி மாட்டினாக்கூட அப்படித்தான். மொதல்ல கொஞ்சம் கூடத் தள்ளிட்டு, அப்புறம் திருப்புவாரு.”