அறிவித்தலுக்கு ஒரு முகம்

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று ஸஜீத் நானா சொல்லியிருந்தார். பிறம்ரன் நகரில் அவருடைய லொறிக் கம்பனியில், எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் வேலையொன்று தங்கை நபீலாவுக்காகக் காத்திருந்தது. அவளும் போய்விடுவதென்றே ஏறக்குறைய முடிவுசெய்திருந்தாள். தன் சிறிய புகைப்பட ஸ்ரூடியோவை விடமாட்டேன் என்று சொல்வதானால், தனக்காக எடுத்த ஒரு படத்தையாவது காட்டவேண்டும். ஒரு வருடமாக அப்படி எதுவும் இல்லை.

முன்பு இருந்தது. வெக்ஸ்போர்ட் பகுதியின் பஸ் தரிப்பிடங்களில் ஒரு பனிக்காலம் முழுவதும் நின்று அவள் எடுத்த படங்கள் நூலகச் சுவரில் தொங்கின. மடியில் சோறு சமைக்கும் குக்கர்ப் பெட்டியை அணைத்தபடி கொட்டாவி விடும் ஒருத்தி, பஸ் போன திசையைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு கிழவர். எல்லாமே எதற்கும் ஆயத்தமாகாத முகங்கள். அவற்றைப் பெறுவதற்கு நபீலாவிடம் ஒரு சிறு தந்திரம் இருந்தது. “முடிஞ்சிது” என்று சொல்லிக் கமராவை இடுப்புக்குத் தாழ்த்துவாள். எதிரில் இருப்பவர் தோளைத் தளர்த்தி மூச்சுவிடும் அந்தக் கணத்தில் அங்கிருந்தே அழுத்துவாள். அது ஒருபோதும் தவறியதில்லை. தவறாமையே பின்னர் அவளைச் சோரச் செய்தது. படம் வருமுன்பே அது எப்படியிருக்கும் என்று தெரிந்துவிட்டபின், எடுப்பதற்கு என்ன இருக்கிறது? கடவுச்சீட்டுப் படங்கள் மட்டும் மிஞ்சின.

திங்கட்கிழமை தவமணி வந்தார். விமானங்களுக்குச் சாப்பாடு பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். கதவைச் சாத்துமுன்பே விஷயத்தைச் சொன்னார்.

“பிள்ளை, என்ர மரண அறிவித்தலுக்கு ஒரு படம் வேணும்.”

நபீலா திடுக்கிட்டாள். “சுகமில்லையா அன்ரி?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறன். செத்தாப் பிறகு உம்மட்டை வந்து இருக்கேலுமே?”

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சில படங்கள் எடுத்தபின் நபீலா, “முடிஞ்சிது அன்ரி” என்று கமராவைத் தாழ்த்தி, வழக்கம்போல் அழுத்தினாள்.

“முடிஞ்சுது எண்டிட்டு ஏன் திரும்ப அமத்துறீர்?”

நபீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை காலத்தில் அதைக் கண்டுபிடித்த முதல் ஆள் இவர்தான்.

அன்று பின்னேரம் படத்தைக் கணினியில் திருத்தினாள். அறிவித்தலுக்குப் படம் தரும் இந்துக் குடும்பங்கள், நெற்றி வெறுமையாக இருந்தால், “ஒரு பொட்டு வைச்சுவிடுங்கோ” என்று கேட்பதுண்டு. அதனால் கேட்காமலே வைக்கப் பழகியிருந்தாள். தவமணியின் நெற்றியிலும் சிவப்பாக, வட்டமாக ஒன்றை வைத்தாள்.

புதன்கிழமை தவமணி அந்தப் படத்தைக் கையில் வாங்கியதும் அதன் நெற்றியில் விரலை வைத்தார்.

“ஆர் வைச்சது உது?”

“நான்தான் அன்ரி. மறந்துட்டீங்களாக்கும் எண்டு…”

“மறக்கேல்லைப் பிள்ளை. அவர் போய் ரெண்டு வருசம். அதோட விட்டிட்டன்.”

அழித்துவிடுகிறேன் என்று நபீலா கணினிப் பக்கம் திரும்பினாள்.

“பொறும்.” தவமணி படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு. ஆனா இப்பிடி நடுவிலை, இப்பிடி வட்டமா நான் ஒருநாளும் வைச்சதில்லை. என்ரது எப்பவும் இடப்பக்கம் போயிடும். ‘தவம், உன்ர பொட்டு றோட்டுக் கடக்குது’ எண்டு அவர் பகிடி பண்ணுவார்.”

பிறகு தான் வந்த காரணத்தைச் சொன்னார். கணவர் ஸ்ரீஸ்கந்தராசா இறந்தபோது, அவசரத்தில் பிள்ளைகள் அவருடைய கடவுச்சீட்டுப் படத்தை அறிவித்தலில் போட்டுவிட்டார்கள்.

“வாழ்க்கை முழுக்கச் சிரிச்ச மனுசன். பேப்பரிலை பாத்தா, ஆமிக்காரன் மறிச்ச மாதிரி முழிசிக்கொண்டு நிக்கிறார். கடைசியாச் சனம் கண்டது அந்த முகம். எனக்கு அப்பிடி வரக்கூடாது.” எழுந்து கோட்டை மாட்டினார். “வெள்ளிக்கிழமை வாறன். பொட்டை நானே கொண்டுவாறன். திரும்ப எடும்.”

வெள்ளிக்கிழமை அதே நாற்காலியில் அவர் இறுகிப்போய் இருந்தார். எந்தப் படத்திலும் அந்த முழிசல்தான். “முடிஞ்சிது அன்ரி” என்றாள் நபீலா. தவமணி அசையவில்லை.

“நான் ஏமாறமாட்டன். நீர் இன்னும் முடிக்கேல்லை.”

தந்திரம் செத்துப்போனது. கமராவைப் பிடித்தபடி நபீலா நின்றாள். அடுத்த படம் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நீண்ட நாளைக்குப்பின் இப்போதுதான் தெரியவில்லை. அந்தத் தெரியாமை அவளுக்குப் பிடித்திருந்தது. ஸ்ரூடியோ விளக்குகளை அணைத்தாள். ஜன்னல் திரையை மேலே இழுத்தாள். கார்த்தரிப்பிடத்துப் பனியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் தவமணியின் ஒரு கன்னத்தில் வந்து நின்றது. சிறிய கண்ணாடியொன்றை அவரிடம் கொடுத்தாள்.

“இப்ப பொட்டை வைங்க அன்ரி. நான் ஒளிக்காமலே எடுக்கிறேன்.”

தவமணி குங்குமச் சிமிழைத் திறந்து மோதிர விரலால் தொட்டார். விரல் நெற்றிக்கு முன்னால் தயங்கி நின்றது. பிறகு மெல்லப் பதிந்தது, சற்றே இடப்பக்கம். அதைக் கண்ணாடியில் கண்டதும் அவருடைய வாய் கோணியது, கண் நிறைந்தது, அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. நபீலா அழுத்தினாள்.

கமராவின் திரையில் தவமணி நெடுநேரம் பார்த்தார்.

“உது நான்தான்,” என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஆனா அறிவித்தலுக்குச் சரிவராது. விரல் நிக்குது. நெத்தி சொறிஞ்சு சொறிஞ்சு செத்தவ எண்டெல்லோ சனம் கதைக்கும். உதைப் பெரிசாப் போட்டுத் தாரும், வீட்டு ஹோலிலை அவற்ற படத்துக்குப் பக்கத்திலை வைப்பம். அறிவித்தலுக்கு வேற எடுப்பம். வாற கிழமை இருப்பீர்தானே?”

நபீலா பதில் சொல்லுமுன் தொலைபேசி அடித்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஸஜீத் நானா அழைத்திருந்தார்.

“என்ன முடிவு? திங்கக்கிழமை வாறியா?”

“இல்ல நானா. வாற கிழமை எனக்கு ஆள் இரிக்கிறாங்க.”

“ஒரு படம் எடுக்கவா? போன கிழமையும் எடுத்தாய்தானே, பாஸ்போர்ட்டுக்கு நூறு பேரை.”

“அதெல்லாம் எடுக்க முந்தியே வந்த படம் நானா. இது இன்னும் வரல்ல.”

தவமணி கண்ணாடியில் பார்த்து, இடப்பக்கம் போன பொட்டைத் திருத்தாமலே சிமிழை மூடினார். நபீலா தொலைபேசியை வைத்துவிட்டு, நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் கிட்ட நகர்த்தி, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தாள்.