மாடிக்குப் போன வழக்கு

நீதிமன்ற வாசலில் ஒட்டியிருந்த பட்டியலைத் தையல்காரி நான்கு முறை படித்துவிட்டாள். கணவனின் வழக்கு எண் அதில் இல்லை. எட்டு மாதமாக நாக்கில் பழகிய எண். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

படிக்கட்டில் வாடகை வீட்டின் சொந்தக்காரரோடு கணவனுக்கு நடந்த தள்ளுமுள்ளு, அவர் மண்டை உடைந்ததும் கொலை முயற்சி வழக்காகிவிட்டது. எலக்ட்ரீஷியனான அவன் இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தவன். ஒரு வாய்தா தவறினாலும் மறுபடி உள்ளேதான் என்று வக்கீல் மிரட்டி வைத்திருந்தார். அந்த வக்கீல் இன்று போனையே எடுக்கவில்லை.

உள்ளே போய்க் குமாஸ்தாவிடம் கேட்டாள். அவர் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். எண்ணின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. இனி இங்கே வர வேண்டாம் என்றுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

சேதி கேட்டு, வராந்தாவில் காத்திருந்த கணவனின் முகம் மலர்ந்தது.

"கேஸையே அடிச்சுட்டாங்களா? நம்மள ஒரு வார்த்தகூடக் கேக்கலயே?"

"எட்டு தடவ வந்து நின்னீங்கல்ல. பல்பு மாட்டவே பயப்படுற ஆளுன்னு மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிருக்கும்."

வெளிவாசல்வரை வந்துவிட்டார்கள். அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. விடுதலை என்றால் ஒரு காகிதமாவது கையில் தர மாட்டார்களா? திரும்பி நடந்தாள்.

இம்முறை குமாஸ்தா நிமிர்ந்தார். கொலை முயற்சியை இந்தக் கோர்ட் விசாரிக்காது. போலீஸ் காகிதங்களின் நகலைக் கொடுத்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்புவதோடு இங்கே வேலை சரி. போன வாய்தாவிலேயே அனுப்பியாகிவிட்டது. அங்கே புது எண்.

"இன்னிக்குத்தாம்மா தேதி. ரெண்டாவது மாடி. ஓடுங்க."

ஓடினார்கள். சேவகர் மூன்றாம் முறையும் பெயரைக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார். பிடிவாரண்ட் என்று சொல்லி முடித்திருந்த நீதிபதி, மூச்சிரைக்க வந்து நின்றவனைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பின்னாலிருந்து அவள்தான் சொன்னாள்.

"காலைலேர்ந்து கீழதான் இருந்தோம் ஐயா. பழைய நம்பரத் தேடிக்கிட்டு."

எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி வாரண்டை ரத்து செய்தார். குற்றச்சாட்டை வாசிக்க அடுத்த மாதம் ஒரு தேதி குறித்தார்.

வெளியே வந்ததும் அவள் சேவகரைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் எட்டு மாதம் கீழே நடந்தது என்ன? வழக்கு இனிமேல்தான் ஆரம்பம் என்றார் அவர். அடுத்த தடவையும் இதே மாடிதானே என்று கேட்டாள்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் இங்கதாம்மா. அப்புறம் ஹைகோர்ட்டுக்கு அப்பீல்னு போனா, இந்தக் கட்டடமே இல்ல."

அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் இறங்குவது என்று இருவருக்குமே தெரியவில்லை.