நீலச் சட்டை, சாம்பல் சட்டை

…நீலத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, சாம்பலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, இரண்டையும் வரிசை குலையாமல் சொல்லி முடித்துவிட்டார், இனி ஒன்றைப் போட வேண்டியதுதானே, போடவில்லை, அலமாரியின் முன் பனியனோடு நிற்கிறார், வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று. "நீலத்துல கறை தெரியாது. சாம்பல்ல பை பெருசு, கண்ணாடி வெச்சுக்கலாம். ஆனா நீலம் மெல்லிசு, வேர்க்காது…" மறுபடியும் முதலிலிருந்து. மூளையில் இருந்த கட்டியை எடுத்த பிறகு என் கணவர் இப்படித்தான். கணக்குப் போடுகிறார், செய்தித்தாளில் ஒற்றுப்பிழை கண்டுபிடிக்கிறார், ஆனால் தேநீரா காப்பியா என்று கேட்டால் இரண்டும் ஆறிப்போகும்வரை இரண்டுக்குமாக வாதாடுகிறார். ஆசை இல்லை, கோபம் இல்லை, சலிப்புகூட இல்லை. "அறிவுக்கு ஒரு கீறலும் இல்லம்மா," என்றார் மருத்துவர், என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, "ஆனா அறிவு எடுத்து அடுக்கத்தான் செய்யும். இதுதான் எனக்கு வேணும்னு சொல்றது உணர்ச்சி. அது திரும்பி வந்தா சின்ன விஷயத்துலதான் முதல்ல தெரியும். நீங்க எடுத்துக் குடுத்துடாதீங்க." இன்று அவரிடம்தான் போகிறோம். ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன், இன்றும் இல்லை என்றால் இனி வராது என்றே எண்ணிக்கொள்ள வேண்டுமாம்.

எடுத்துக் கொடுக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தொடக்கத்தில் கிழமைக்கு ஒரு சட்டை என்று நானே முறை வகுத்துவிட்டேன், திங்கள் வெள்ளை, செவ்வாய் கட்டம், அவரும் பிசகாமல் போட்டுக்கொண்டார், வீடு கடிகாரம்போல ஓடியது, எனக்குப் பெருமை தாங்கவில்லை, மருத்துவரோ கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, "அப்போ அவரு எதையுமே தேர்ந்தெடுக்கலையேம்மா" என்றார். உண்மைதான். இந்த மனிதர் கால்பந்து நடுவராக இருந்தவர். பதினோரு பேர் இந்தப் பக்கமும் பதினோரு பேர் அந்தப் பக்கமும் சூழ்ந்துகொண்டு, "கண்ணு தெரியலையா சார்?" என்று கத்துவார்கள், "தெரியுது, போய் ஆடு" என்பார், அவ்வளவுதான். கல் நெஞ்சு, பனிக்கட்டி மூளை என்று ஊரே சொன்னது, நானும் அப்படியே நம்பினேன். ஒருவன் ஆடியது தப்பாட்டம் என்று அந்தக் கணத்தில் எப்படித் தெரிந்தது என்று ஒருமுறை கேட்டதற்கு, "வயித்துல சுருக்குனுச்சு, ஊதிட்டேன்" என்றார். இது ஒரு காரணமா என்று கடிந்துகொண்டேன். இப்போது அந்தச் சுருக்கை எண்ணி வியக்கிறேன்… பார்த்த ஆட்டங்களையெல்லாம் அரைத்து ஒரு துளியாக்கி, நினைப்பு வாய் திறப்பதற்குள் கையில் வைத்துவிடுகிறதே. அடுப்பில் கை பட்டால் வாக்கியம் முடியும்வரையா காத்திருக்கிறோம்? திரிந்த பாலுக்கு முகம் தானே சுளிக்கிறது, பிள்ளை அழுதால் மார்பு தானே பதறுகிறது. அச்சம், அருவருப்பு, சினம் எல்லாம் அழைக்காமல் வந்து இரைச்சல் போடும் விருந்தாளிகள் என்றிருந்தேன், வீட்டையே அவைதாம் நடத்தி வந்திருக்கின்றன. எத்தனை நேர்த்தியான நிர்வாகம்!

வாசலில் வாடகைக் காரின் ஒலிப்பான். கூடவே தொலைபேசியில் மகள். "கல்யாண மாப்பிள்ளைகூட இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டான்மா. நீயே ஒண்ண மாட்டிவிடேன், சட்டைதானே!" சட்டைதான், ஆனால் சட்டை மட்டுமா, போனை வைடி என்று சொல்லிவிட்டுக் கட்டில் முனையில் அமர்ந்தேன், நீலம்தான் அவருக்கு எடுப்பு, நாக்கின் நுனியில் நிற்கிறது, சொல்லக் கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டேன், நேரமாகிறது, அவர் பை பெரியது என்கிறார், மெல்லியது என்கிறார், கறை என்கிறார், பை என்கிறார்…

"காலை ஆட்டாதே! கட்டில் கிரீச்சு கிரீச்சுன்னு… மனுஷன் யோசிக்கிறதா வேண்டாமா?"

யார் பேசியது? அவர்தான். புருவம் நெரிந்திருக்கிறது, மூக்கு நுனி சிவந்திருக்கிறது. நான் கால் ஆட்டினேனா, வீட்டில் யார் ஆட்டினாலும் அதட்டுகிற நானா? பார்த்தால், ஆம், ஆட்டியிருக்கிறேன். இது சினம்தானா, அல்லது பழைய சினத்தின் வாய்ப்பழக்கமா, மருத்துவர் கேட்டால் எதைச் சான்று காட்டுவது, ஒரு முறை நிகழ்ந்ததை நிகழ்ந்தது என்று கொள்ளலாமா என்று ஒழுங்காக ஆராய்ந்து பார்க்கத்தான் நினைத்தேன், அதற்குள் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்துவிட்டது, என்னைக் கேட்காமலே எனக்குள் யாரோ தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு சரியா? தெரியவில்லை. அவர் இன்னும் இரண்டு சட்டைகளோடும்தான் நிற்கிறார். நான் மெல்ல, இம்முறை வேண்டுமென்றே, காலை ஆட்டத் தொடங்கினேன்.